சீட்டு கேட்கும் கடையும் கேட்காத கடையும்: பாக்டீரியாவின் எதிர்ப்பு எப்படி வளர்கிறது?

வேலந்தாவளம், கோழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசி வாழும் எங்களுக்கு மாநில எல்லை என்பது ஒரு செக்போஸ்ட், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ரேஷன் இந்தப் பக்கம், சந்தை பொள்ளாச்சியில், சொந்தபந்தம் இரண்டு பக்கமும். 2024 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர் சீட்டில்லாத ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) விற்பனையைப் பிடிக்க 'ஆபரேஷன் அம்ருத்' என்ற மருந்துக்கடைச் சோதனையைத் தொடங்கிய பிறகு அந்த எல்லை வேறொரு விதத்திலும் பயன்படுகிறது. தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டால் இங்கே டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். "அப்ப விடுங்க, நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப அங்க வாங்கிக்கறனுங்" என்று திரும்பிப் போகிறவர்களைக் கடை வாசலிலேயே பார்க்கலாம்.

சட்டம் என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். மருந்து விதிகள் மத்திய அரசுடையவை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால், எழுதிக் கொடுத்த டாக்டர் யார், வாங்கிய நோயாளி யார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். வாளையாறைத் தாண்டியதும் அந்த விதி மாறிவிடுவதில்லை. எந்தக் கடையில் எவ்வளவு கண்டிப்பு என்பதுதான் மாறுகிறது.

திரும்பிப் போகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் காய்ச்சல், நாளைக்குக் காட்டு வேலை, டாக்டருக்கு அழ வேண்டிய காசு. ஆனால் அவர் சொல்லும் ஒரு காரணத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: "பழைய மாத்திரை எனக்குக் கேக்கறதில்லைங்க. உடம்புக்குப் பழகிப்போச்சு. அதுக்கு மேல பவர் உள்ளதா வேணும்." தலைமுறை தலைமுறையாக நம்பப்படும் விளக்கம் இது. இதை நம்பினால் பிரச்சினை அவரவர் உடம்போடு முடிந்துவிடுகிறது. உண்மையில் உடம்புக்கு எதுவும் பழகவில்லை. மாறியது உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியா. அது ஒருவர் உடம்போடு நிற்பதில்லை. இதுவரை ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையும் விழுங்காத குழந்தைக்குக்கூட, முதல் தடவையே மருந்து கேட்காத கிருமி தொற்றலாம்.

குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். தீனியும் சூடும் சரியாக இருந்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒன்று இரண்டாகும். அப்படியே தடையில்லாமல் போனால் பத்து மணி நேரத்தில் ஒன்று 107 கோடியாகிவிடும். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்து தப்பும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை, சில அந்தப் பாக்டீரியாவையே கொன்றுவிடும். பத்து கோடியில் ஒன்று என்ற அளவில், ஏதோ ஒரு பிழை ஒரு குறிப்பிட்ட மருந்திடமிருந்து தப்ப உதவிவிடும். பத்து கோடி என்பது நமக்குப் பெரிய எண். பாக்டீரியாவுக்கு அது ஒரு காலைப்பொழுது.

மருந்தைப் பார்த்து அதற்கேற்ப பாக்டீரியா தன்னை மாற்றிக்கொள்கிறதா, அல்லது மாறினது ஏற்கெனவே கூட்டத்துக்குள் இருந்ததா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் லெடர்பெர்க் தம்பதி 1952-இல் ஒரு வெல்வெட் துணியை வைத்து அழகாக விடை கண்டார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளிப் புள்ளியாக வளர்த்து, அதன்மேல் வெல்வெட்டை ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த இன்னொரு தட்டில் ஒற்றினார்கள். இரண்டாவது தட்டில் பிழைத்த புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்து, முதல் தட்டில் அதே இடத்துக்குத் திரும்பிப் போனார்கள். மருந்தே படாத அந்தத் தட்டின் அந்த மூலையில்தான் எதிர்ப்புள்ள பாக்டீரியா முன்பே உட்கார்ந்திருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை. சுற்றியிருந்த மற்றதையெல்லாம் கொன்று, அதற்கு இடத்தையும் தீனியையும் காலிசெய்து கொடுத்தது. காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் நியாயமும் இதுதான். ஒரு மருந்துக்குத் தப்பும் பிழை எங்காவது இருக்கும். நான்குக்கும் சேர்ந்து தப்பும் பிழை ஒரே பாக்டீரியாவில் அமைவது மிக மிக அரிது.

அந்தப் பிழைகள் செய்யும் வேலை வகைவகையானது. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளை வெட்டிப்போடும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, 1940-இல், ஆபிரகாம், செய்ன் என்ற ஆய்வாளர்கள் அந்த நொதியைக் கண்டுவிட்டார்கள். டெட்ராசைக்ளின் உள்ளே வந்தால் உடனுக்குடன் வெளியே இறைத்துவிடும் பம்புகள் சில பாக்டீரியாக்களின் சவ்வில் உண்டு. சிப்ரோஃப்ளாக்சாசின் எந்தப் புரதத்தைப் பிடித்து வேலை செய்கிறதோ அந்தப் புரதத்தின் உருவமே லேசாக மாறிவிட்டால், மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகிறது. இவற்றில் பலவும் நேற்று முளைத்தவை அல்ல. மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று எதிர்க்க இந்த ரசாயனங்களைக் கோடிக்கணக்கான வருஷங்களாகச் சுரந்துவருகின்றன, தப்பும் வழிகளும் கூடவே வளர்ந்திருக்கின்றன. உறைந்த நிலத்தில் 30,000 ஆண்டுகள் புதைந்து கிடந்த டிஎன்ஏவிலும் எதிர்ப்பு மரபணுக்களை 2011-இல் கண்டறிந்தார்கள். நாம் புதிதாகச் செய்தது ஒன்றுதான்: அந்த மரபணுக்கள் ஊரெங்கும் பெருகும்படி டன் கணக்கில் மருந்தைக் கொட்டியது.

இத்தோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். தாயிடமிருந்து மகளுக்குப் போவது ஒரு வழி என்றால், பாக்டீரியாவுக்கு அண்டை வீட்டுக்காரரிடமிருந்தும் மரபணு வரும். 1950-களில் ஜப்பானில் சீதபேதி பரவியபோது, நோயாளிகளிடம் எடுத்த ஷிகெல்லா பாக்டீரியா ஒரே நேரத்தில் நான்கு வகை மருந்துக்கு மசியாமல் நின்றது. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பிழை நேர்ந்து இப்படி ஆகியிருக்க வாய்ப்பே இல்லை. 1959-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் எதிர்ப்புள்ள பாக்டீரியாவையும் எதிர்ப்பில்லாத வேறு இனத்தையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். நான்கு எதிர்ப்பும் மொத்தமாக மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

கடத்தியது பிளாஸ்மிட். முக்கிய டிஎன்ஏவிலிருந்து விலகி, தனியாக வளையமாகக் கிடக்கும் சின்ன டிஎன்ஏ அது. இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று தன் பிளாஸ்மிட்டைப் படியெடுத்து மற்றதுக்குக் கொடுத்துவிடும், தன்னுடையதையும் இழக்காது. அதைச் சாவிக்கொத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூட்டைத் திறக்கத்தான் வாங்குகிறோம், கொத்தில் இருக்கும் அத்தனை சாவியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஒரு பிளாஸ்மிட்டில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பும் செஃபலோஸ்போரின் எதிர்ப்பும் சேர்ந்து இருந்தால், டெட்ராசைக்ளினை மட்டும் பயன்படுத்தும் இடத்திலும் இரண்டும் சேர்ந்தே பெருகும். "நாங்க பெரிய மருந்தெல்லாம் தொடறதில்லைங்க, சாதாரண மருந்துதான்" என்பது ஆறுதலாகாமல் போவது இதனால்தான்.

இது தவிர, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மரபணுத் துண்டைச் சுமந்துபோவதும் உண்டு. செத்த பாக்டீரியா சிந்திய டிஎன்ஏவை உயிரோடிருப்பது பொறுக்கிக்கொள்வதும் உண்டு. மருத்துவமனைகளில் நாம் அஞ்சவேண்டிய எதிர்ப்புகளில் பெரும்பங்கு பிளாஸ்மிட் வழியாகப் பரவியவை.

நம் நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நாட்டு நோயாளியிடம், கார்பபெனெம் என்ற கடைசிக்கட்ட ஊசி மருந்துகளையே உடைக்கும் நொதி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதல் பெயராக வெளிவந்த ஆய்வு, அந்த நொதியைச் செய்யும் மரபணு சென்னையிலும் ஹரியானாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைக் காட்டியது. பெயரில் டெல்லி இருக்கலாமா என்ற சண்டையில் அன்று நிறைய நேரம் போனது. அடுத்த வருஷம் டெல்லிக் குழாய்நீர் மாதிரிகள் 50-இல் 2-லும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும் அந்த மரபணு இருப்பது தெரிந்தது. என் கவலை இந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் இருப்பதாக நினைத்த ஒன்று தெருத்தண்ணீருக்கு வந்துவிட்டது.

2012-இல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்துக்கடை விற்பனையைக் கட்டுப்படுத்துவது முதல் ஆஸ்பத்திரித் தொற்றுத் தடுப்பு வரை ஒரு திட்டத்தை முன்வைத்தன. சென்னைப் பிரகடனம் என்று அது அறியப்படுகிறது. ஆனாலும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கண்காணிப்பு வலைப்பின்னலின் கணக்குப்படி, கார்பபெனெம் குடும்பத்தைச் சேர்ந்த இமிபெனெமுக்குக் கட்டுப்படும் ஈ.கோலை 2017-இல் 81 விழுக்காடாக இருந்து 2023-இல் 63 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்த மாதிரிகள் இவை. எங்கள் ஊர் ஹெல்த் சென்டருக்கு வரும் நோயாளிக்கு இதே கணக்கு பொருந்தாது. ஆனால் போகிற திசை தெரிகிறது.

இனி எங்கள் பக்கத்து விஷயம். எல்லையின் இரண்டு பக்கமும் கறிக்கோழிப் பண்ணைகள். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் கோழி கோபாலபுரம் வழியாகவும் வாளையாறு வழியாகவும் ராத்திரியில் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகும். ஒரு ஷெட்டுக்குள் போய்ப் பாருங்கள். தரையில் தேங்காய் மஞ்சி பரப்பியிருக்கும். ஐயாயிரம் கோழி, நாற்பது நாள் சுமாருக்கு, அந்த மஞ்சியின் மேலேதான் தின்று, குடித்து, எச்சமிட்டு வளரும். ஷெட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து குழாய் ஓடி நிப்பிளில் சொட்டும். நாலு கோழி கழிந்தால் அந்த நாலை மட்டும் பிடித்து மருந்து கொடுக்க முடியாது. பொடியோ திரவமோ தொட்டியில் கலந்தால் ஐயாயிரமும் குடிக்கும். நோயுள்ளது கூடுதலாகக் குடிக்காது, சோர்ந்து கிடக்கும். நன்றாக இருப்பதுதான் வயிறு நிறையக் குடிக்கும். ஒன்றுக்கு அளவுக்கு மேல், ஒன்றுக்கு அரைகுறையாக. பாக்டீரியாவைக் கொல்லாமல் தேர்ந்தெடுக்க இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டியதில்லை.

கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சாசின் அதன் உடம்புக்குள் போய் ஓரளவு சிப்ரோஃப்ளாக்சாசினாகவே மாறுகிறது. மனிதருக்குக் கொடுக்கும் அதே சிப்ரோதான். இதனால் எதிர்ப்பு வளர்கிறது என்று சொல்லி 2005-இல் அமெரிக்கா கோழிக்கு அதைத் தடைசெய்தது. கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனித மருத்துவம் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. வேறு எதுவும் கேட்காத நோயாளிகளுக்காக ஐசியுக்களில் மறுபடி எடுக்கப்பட்டது. அதையே தீவனத்தில் கலந்து கோழியின் எடை கூட்டினார்கள். கொலிஸ்டின் எதிர்ப்பு பிளாஸ்மிட் வழியாகவே தாவும் என்பது 2015-இல் சீனாவில் தெரியவந்தது. பன்றியிலும் இறைச்சியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமும் ஒரே மரபணு. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கு கொலிஸ்டினைத் தடைசெய்தது. தடை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நான்கு வருஷம் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

இதற்காகப் பண்ணைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர் அவர். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியிலிருந்து வருகிறது. ஷெட்டும் கரண்டும் உழைப்பும் அவருடையது. சாவு கூடினால் வளர்ப்புக்கூலி குறையும். மருந்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுச் சாவின் நட்டத்தை அவர் தலையிலேயே வைத்தால் அவர் கேட்கப் போவதில்லை. டென்மார்க் 1995-இல் அவோபார்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தடைசெய்தது. அப்போது கறிக்கோழியிடம் எடுத்த ஒருவகை என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில் 70 விழுக்காட்டுக்கு மேல், அவோபார்சினின் குடும்பத்தைச் சேர்ந்த மனித மருந்தான வான்கோமைசினுக்கு மசியாதது. 2000-க்குள் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. மருந்தை எடுத்தால் எதிர்ப்பைச் சுமந்து திரியும் பாக்டீரியாவுக்குத் தனி லாபம் இல்லை, மற்றவை மெல்ல முந்திவிடும். எல்லாக் கிருமியிலும் எல்லா மருந்துக்கும் இவ்வளவு சுத்தமாக இது நடப்பதில்லை. ஆனால் நடக்கிறது.

கோழி போன பிறகு மஞ்சியோடு சேர்ந்த கோழி எரு தென்னந்தோப்புக்கும் காய்கறிக் காட்டுக்கும் போகிறது. குவித்துச் சூடேறி மக்கவிட்டுப் போட்டால் பாக்டீரியா பெருமளவு சாகும். பச்சையாக இறைத்தால் அப்படியே மண்ணுக்கும் மழையோடு ஓடைக்கும் போகும். தண்ணீருக்கு எல்லை கிடையாது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாகப் பாலக்காட்டுச் சித்தூருக்கு வர வேண்டும். எங்கள் வயலும் குடிநீரும் அதை நம்பித்தான். மேலே எந்த ஊரில் எந்தச் சாக்கடை அந்த ஆற்றில் விழுகிறது என்பது கீழே இருப்பவருக்கு மருந்து சம்பந்தப்பட்ட கேள்வியும்தான். மனிதர் சாப்பிடும் அமாக்சிசிலினில் பாதிக்கு மேல் மாறாமல் சிறுநீரிலேயே வெளியேறிவிடுகிறது.

சமையலறையில் ஒரு விஷயம். கோழியை நன்றாக வேகவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆபத்து வேகவைப்பதற்கு முன்னால். குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், அதே கத்தியாலும் அதே பலகையிலும் பிறகு நறுக்கும் வெங்காயம், தக்காளி. இவற்றின் வழியாகத்தான் ஷெட்டின் ஈ.கோலை நம் குடலுக்குள் குடிவருகிறது. அது நோய் எதுவும் தராமல் சும்மா தங்கிவிடலாம். மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக மதிப்பீடு, பெரும்பகுதி பெருங்குடலில். வந்தது அந்தக் கூட்டத்துக்குள் தன் பிளாஸ்மிட்டைக் கொடுக்கத் தொடங்கும். என்றோ ஒருநாள் தொண்டை வலிக்கு நாம் தேவையில்லாமல் போடும் அசித்ரோமைசின், தொண்டை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் எதிர்ப்பில்லாத பாக்டீரியாக்களைக் கொன்று மற்றவற்றுக்கு வழிவிடும். சளி, பெரும்பாலான தொண்டை வலி, டெங்கு, சிக்குன்குனியா எல்லாமே வைரஸ். எலிக்காய்ச்சல் அப்படியல்ல, அது பாக்டீரியா. வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்குக் கேரளாவில் டாக்ஸிசைக்ளின் கொடுப்பது தேவையறிந்து கொடுப்பது. எது எதற்கு என்று கடை கவுண்டரில் நின்று முடிவெடுக்க முடியாது என்பதற்குத்தான் டாக்டர் சீட்டு.

டாக்டரும் சில சமயம் அனுமானத்தில்தான் எழுதுகிறார். அனுமானம் வேண்டாம் என்றால் கல்ச்சர் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வரும் ஒருவரின் சிறுநீரிலிருந்து பாக்டீரியாவை லேபில் முதலில் வளர்த்தெடுத்து, அதை இன்னொரு தட்டில் பூசி, அதன்மேல் மருந்து நனைத்த சின்னச் சின்னக் காகித வட்டுக்களை வைப்பார்கள். அடுத்த நாள் பார்த்தால் தட்டு முழுக்கப் பாக்டீரியா வெளிறிய படலமாக மூடியிருக்கும். சில வட்டுக்களைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டதுபோல் ஒரு தெளிந்த வளையம். அந்த வளையத்தை அளவுகோல் வைத்து அளந்து, ரிப்போர்ட்டில் மருந்துக்கு நேரே எஸ், ஐ, ஆர் என்று போடுவார்கள். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ இரண்டுக்கும் நடுவில். வட்டின் விளிம்பு வரை படலம் ஏறி வந்து நிற்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவர் 'பவர் கூட' என்று கடையில் கேட்க மாட்டார். முதல் வேளை மருந்து போடுவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். அரைகுறையாக இரண்டு வேளை போட்டுவிட்டுப் போனால் தட்டில் ஒன்றும் வளராமல் ரிப்போர்ட் வீணாகும். எத்தனை நாள் சாப்பிடுவது என்பதிலும் இப்போது மருத்துவம் மாறியிருக்கிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டே ஆக வேண்டும். வேறு பல தொற்றுகளுக்கு முன்பு பத்து நாள் கொடுத்த இடத்தில் ஐந்து நாளே போதும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. டாக்டர் சொன்ன நாளைக் குறைக்கவும் வேண்டாம், மீதமிருந்த பழைய பட்டையை எடுத்துக் கூட்டவும் வேண்டாம்.

கேரளா இதில் முன்னால் நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2018-இலேயே மாநில அளவில் தனிச் செயல்திட்டம் போட்டது. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை விழுக்காடு கேட்கிறது என்ற பட்டியலை மாநில அளவில் தொகுத்து வெளியிடுகிறது. ஆன்டிபயாடிக்கை நீல உறையில் போட்டுக் கொடுக்கும்படி கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தை 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. ஆன்டிபயாடிக் விற்பனை 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருப்பதாக அரசு சொல்கிறது. எல்லையோரத்தில் இருக்கும் எனக்கு அந்தக் கணக்கில் ஒரு கேள்வி எழுகிறது. இங்கே குறைந்ததில் எவ்வளவு நிஜமாகக் குறைந்தது, எவ்வளவு சந்தைப் பையோடு அந்தப் பக்கத்துக் கடைக்கு இடம் மாறியது?

கோழிஞ்சாம்பாறைக்காரருக்குக் காய்ச்சல் முற்றினால் கோவைக்குத்தான் ஓடுகிறார். அங்கே எடுத்த கல்ச்சர் முடிவு கேரளத்தின் பட்டியலில் ஏறாது. பாலக்காட்டு லேபில் தெரியவரும் எதிர்ப்பு பொள்ளாச்சி டாக்டரின் மேசைக்குப் போகாது. ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, அளந்து, வருஷா வருஷம் பேசுகின்றன. கோவை, திருப்பூர், பாலக்காடு மாவட்டங்களின் கல்ச்சர் முடிவுகளை ஒரே பட்டியலாகத் தொகுக்கவும், எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மருந்துக்கடைச் சோதனை நடத்தவும், ஷெட்டுகளுக்குப் போகும் மருந்தின் கணக்கைக் கால்நடைத் துறைகள் பகிர்ந்துகொள்ளவும் அதைவிடப் பெரிய ஒப்பந்தம் தேவையில்லை. மூன்று மாவட்ட ஆட்சியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தாலே தொடங்கிவிடலாம்.